மூன்று வரி ஏச்சும் வாடகை சைக்கிள் கடையும்

ஸ்டேஷனில் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, திருட்டுப் புகார் எழுதுவது சுலபம். என்ன போச்சு, எப்போது போச்சு, எங்கே வைத்திருந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். அடிதடியும் அப்படித்தான். பாதிக் கதையைக் காயமே சொல்லிவிடும். ஆளை அசர வைப்பது தெருச் சண்டை. எதிர்வீட்டு ரேடியோ, பக்கத்து வீட்டுச் சாக்கடைத் தண்ணீர், குழாயடி வரிசை, மதில் சுவரில் ஒதுங்குகிறவர்கள், முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி. இதில் கள்ளனும் கிடையாது, காயமும் கிடையாது. இரண்டு பக்கமும் நல்லவர்கள். அதுதான் கஷ்டமே.

எழுபதுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் நான் சங்கரன்கோவிலில் ரைட்டர் ஏட்டாக இருந்தேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத் தமிழை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் என் மேஜைக்கு எதிரே வந்து நின்ற ஜனங்கள்தான். ஒரு அம்மாள் தன் கொழுந்தன் பெண்டாட்டியைப் பற்றிப் புகார் சொல்ல வந்தாள். "அவ எங்க வீட்டை எட்டிப் பார்த்தான்னா அன்னைக்கு மாவு புளிக்காது ஏட்டையா" என்றாள். மாடியிலிருந்து வெற்றிலை எச்சில் துப்பும் ஆசாமியைப் பற்றி ஒரு பெரியவர், "மழை பெய்யுதா, அவன் முழிச்சிட்டானான்னு எனக்குத் தெரிய மாட்டேங்கு" என்றார். இதையெல்லாம் ஒரு பழைய டயரியில் குறித்து வைத்துக்கொள்வேன். ஏச்சுகளுக்கென்று அதில் தனியாகப் பின்பக்கம் ஒதுக்கியிருந்தேன். ஜில்லாவிலேயே இப்படி ஒரு சேகரம் யாரிடமும் கிடையாது என்று ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

வாய்ச்சண்டைப் புகாருக்கு ஒரு முறை உண்டு. உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். "அசிங்கமாக ஏசினார்" என்று மொட்டையாக எழுதினால் கோர்ட்டில் நிற்காது. அசிங்கமா இல்லையா என்று பார்ப்பது மாஜிஸ்திரேட்டின் வேலை. நாம் அந்தச் சொல்லை அப்படியே, வாயிலிருந்து வந்த மாதிரியே எழுத வேண்டும். எழுதியதைப் புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சரிதான் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான் முறை. இதில் எங்கே சறுக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கறுப்புக் குடையை மடக்கிக்கொண்டு அன்னபாக்கியம் டீச்சர் ஸ்டேஷனுக்குள் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தனியாள். வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு நேர் எதிரே சுடலைமுத்து அண்ணாச்சியின் வாடகை சைக்கிள் கடை. ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்ட சைக்கிள்கள், ஒரு ஸ்டூல், ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு பெரிய வாய். சைக்கிளை நேரம் கழித்துக் கொண்டு வருகிறவர்களைச் சுடலைமுத்து ஏசுவார். தினமும் ஏசுவார். சரியாக ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறுக்கு முடிப்பார். எங்கள் கான்ஸ்டபிள் இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் சும்மா இருப்பார். மூன்றாம் நாள் விட்டதையும் சேர்த்து ஏசுவார்.

டீச்சர் மனுவைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுத்து ஒவ்வொன்றும் கோத்து வைத்தது போல இருந்தது. "மேற்படி நபர் நாள்தோறும் சொல்லத்தகாத சொற்களை உரத்த குரலில் சொல்லி வருகிறார்" என்று கண்டிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. அவரு என்ன சொன்னாருங்கது மட்டும் இல்லையே" என்றேன்.

"சொல்லத்தகாததுன்னு எழுதியிருக்கேன்லா. தகாததுன்னு எழுதிட்டு நானே அதை எப்படிச் சொல்லுவேன்?"

"வாயால சொல்ல வேண்டாம். இந்தத் துண்டுத்தாள்ல எழுதிக் குடுங்க."

"இந்தக் கை முப்பத்திரண்டு வருஷம் போர்டுல எழுதின கை" என்று டீச்சர் கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். நானும் அதைப் பார்த்துவிட்டுத் துண்டுத்தாளை எடுத்து உள்ளே வைத்தேன்.

பிறகு அவரே சொன்னார். "முந்தாநாள் மூணாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு அவங்க அப்பா முன்னால ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிச்சிருக்கு. ஏழெட்டு ஐம்பத்தாறுக்கும் ஏழொன்பது அறுபத்துமூணுக்கும் நடுவுல அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லியிருக்கு. நாங்க அந்த இடத்துக்கு வரும்போதுதான் அவன் தினமும் கத்துவான். பிள்ளை அதையும் வாய்ப்பாடுன்னு நெனச்சிக்கிட்டு."

நான் குனிந்து மேஜை அறையில் எதையோ தேடுவது போலச் சிரிப்பை அடக்கினேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது பிள்ளைங்க வந்துச்சு ஏட்டையா. இப்போ ஆறு. அந்த ஒரு மணி நேரத்தை விட்டா எங்க வீட்டுல பேச்சுச் சத்தமே கிடையாது. அதுவும் போச்சுன்னா நான் என்ன செய்ய?"

உள்ளேயிருந்து எஸ்.ஐ. ஐயா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தேனிப் பக்கத்துக்காரர். இரண்டு நாளில் மேலதிகாரி ஸ்டேஷனைப் பார்வையிட வருவதாக இருந்தது. "ஏட்டு, மனு நிலுவையில நிக்கக் கூடாது. ஒண்ணு கேஸாகணும், இல்ல தீரணும். சாயங்காலத்துக்குள்ள முடிய்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் ஒரு யோசனை செய்தேன். "டீச்சர், நான் ஒவ்வொண்ணாச் சொல்லுதேன். அவரு சொன்னது வரும்போது நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க." டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார். நான் டயரியின் பின்பக்கத்தைத் திறந்து, இருப்பதிலேயே சாதுவானதிலிருந்து ஆரம்பித்தேன். தலை அசையவில்லை. ஒரு படி ஏறினேன். அசையவில்லை. அதற்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் வாசலில் வந்து நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் படியில் டீச்சர் கண்ணைத் திறந்தார். "இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "எனக்குச் சோறு வடிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

சாட்சியைப் பிடிக்கலாம் என்று வள்ளியம்மையைக் கூப்பிட்டுவிட்டேன். டீச்சர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பூக்கட்டி விற்கிறவள். மடியில் பூவோடு வந்தாள், பேசும்போதும் கை கட்டிக்கொண்டே இருந்தது.

"எனக்கு என்ன வெக்கம்? அவன் சொன்னது எல்லாத்தையும் சொல்லுவேன் ஏட்டையா. ஆனா அந்தத் தறுதலை ஒருத்தன் தினமும் லேட்டா வாரான் பாருங்க, அவன் பேரும் எங்க வீட்டுக்காரர் பேரும் ஒண்ணு. ஏச்சுக்கு நடுவுல அந்தப் பேரு வருது. அதை நான் எப்படிச் சொல்ல?"

"பேரை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லும்மா."

"பேரை விட்டுட்டா அந்த ஏச்சுல என்ன இருக்கு?" என்றாள். பிறகு ஏதோ தோன்றியவளாக, "இதைக் கோர்ட்டுல வந்தும் சொல்லணுமோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ எனக்கு அன்னைக்குக் காது அடைச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மேஜை மேல் ஒரு முழம் பூவை வைத்துவிட்டுப் போனாள்.

மணி இரண்டு. தாள் வெள்ளையாகக் கிடந்தது. அங்கேதான், தம்பிமாரே, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சொல் தெரியாவிட்டால் என்ன, சொல்லுக்கா பஞ்சம், நாமே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஏதோ இரண்டு சாதாரணச் சொல்லைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் பேனாவைத் திறந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பல வருஷச் சேகரம். அதிலிருந்து பொறுக்கி, இணைத்து, தட்டி நிமிர்த்தி மூன்று வரி செய்தேன். அதை இங்கே எழுத முடியாது. முதல் வரியில் ஒரு உலக்கை வரும். இரண்டாவதில் ஒரு சம்பந்தி வருவார். மூன்றாவதில் இரண்டு பேரையும் ஒரு கழுதை பார்த்துக்கொண்டிருக்கும். எழுதி முடித்துவிட்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். இதைச் சுடலைமுத்து பேரில் எழுதுகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாலே முக்காலுக்கு, கையெழுத்து வாங்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆறு பிள்ளைகளும் அப்போதே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முறைப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்றேன். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் புறவாசலுக்குப் போய்க் கறிவேப்பிலைச் செடியில எத்தனை இலைன்னு எண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மெல்லத்தான் வாசித்தேன். போலீஸ்காரன் மெல்லப் பேசுவது என்றால் மற்றவர்கள் பஸ்ஸை நிறுத்தக் கூப்பிடுகிற அளவு இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முடித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது அவன் சொன்னது இல்லை."

"கருத்து ஒண்ணுதானம்மா."

"கருத்தும் இல்லை. அவனுக்கு ரெண்டே சொல்லுதான் தெரியும். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். இது யாரோ உக்காந்து யோசிச்சுச் செஞ்சது. அந்தச் சம்பந்தி அங்கன எப்படி வந்தாரு?"

நான் தாளை மடித்தேன்.

"அவன் மேல எனக்குக் கோவம் இருக்கு. அதுக்காக, சொல்லாததைச் சொன்னான்னு நான் கையெழுத்துப் போட முடியுமா? பிள்ளைங்க பரீட்சையில இப்படி எழுதுனா நான் மார்க்கு போடுவேனா? தண்ணி குடிக்கியளா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். ஜன்னலுக்குக் கீழே வள்ளியம்மை பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். சைக்கிளைத் திருப்பித் தர வந்த மூன்று இளவட்டங்கள் ஸ்டாண்டைக்கூடப் போடாமல் நின்றார்கள். கையில் பம்போடு சுடலைமுத்து கிட்டே வந்தார்.

"ஏட்டையா, உலக்கைக்குப் பொறவு என்னமோ சொன்னியளே, அது சரியாக் காதுல விழல."

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினேன். நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. மிச்சத்தை வள்ளியம்மை சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதில் அவள் வீட்டுக்காரர் பேர் வரவில்லை.

பத்து வருஷமாக இரண்டே சொல்லை வைத்துப் பிழைத்த சுடலைமுத்து, அன்று ஐந்தரைக்கு நாலாம் நம்பர் சைக்கிளின் மணி உடைந்து வந்ததற்கு என் மூன்று வரியை முதன்முதலாக எடுத்து விட்டார். ஏச்சு வாங்கியவனே கொஞ்ச நேரம் அசந்து நின்றானாம். மூன்று நாளில் அது பஸ் நிலையத்துக்குப் போனது. நாலாம் நாள் ஒரு கண்டக்டர் வாயில் ஏறி வாசுதேவநல்லூர் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தது. சந்தைக்கு வந்த இளையரசனேந்தல் ஆட்டுக்காரர் ஒருவர் கழுதைக்குத் துணையாகத் தன் பங்குக்கு ஒரு வெள்ளாட்டையும் சேர்த்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வரியில் ஒரு மிருகத்துக்குத்தான் இடம்.

மேலதிகாரி வந்து போனார். டீச்சரின் மனு என் மேஜை அறைக்குள் அடியில் கிடந்தது. அடுத்த வாரம் வாய்ச்சண்டைப் புகார்கள் வரிசையாக வந்தன. இப்போது யாருக்கும் கூச்சம் இல்லை. ஏச்சை எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். என் வரிகளை நானே, வேறு வேறு ஆட்கள் பேரில், திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். மளிகைக்கடைக்காரர் ஒருவர் சம்பந்தியை முன்னால் சொல்லி உலக்கையைப் பின்னால் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, உலக்கை முதல்ல வரும். சம்பந்தி அதுக்குப் பொறவு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாலேயே தெரியுமோ?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்று சமாளித்தேன்.

எஸ்.ஐ. ஐயா கூப்பிட்டார். "யோவ் ஏட்டு, ஊருக்குள்ள புதுசா ஒரு ஏச்சு சுத்துது. எந்தப் புகாரைப் பார்த்தாலும் ஒரு சம்பந்தி வர்றாரு. எவன் கிளப்பிவிட்டான்னு விசாரிச்சு எழுதிக் கொடு."

விசாரித்தேன். என்னைத் தவிர எல்லோரையும் விசாரித்தேன். "மூலம் தெரியவரவில்லை" என்று என் கையாலேயே எழுதி மேஜையில் வைத்தேன். வேலையில் நான் எழுதியவற்றிலேயே வெட்கப்படும் வரி அதுதான்.

மறுநாள் வள்ளியம்மை வந்தாள். "டீச்சர் ஒண்ணு சொல்லச் சொன்னாவ."

"என்ன?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா?"

"அவ்வளவுதான் சொன்னாவ. ரெண்டுன்னு சொன்னா ஏட்டையாவுக்குப் புரியும்னாவ."

புரிந்தது. ஆறு பிள்ளைகள் இரண்டாகிவிட்டிருந்தார்கள். இந்த ஊரில் ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் சொன்ன எத்தனையோ வாசகங்களைக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அத்தனையும் பறந்துவிட்டது.

அன்று மத்தியானமே எஸ்.ஐ. ஐயா சுடலைமுத்தைக் கூட்டிவரச் சொல்லி உட்கார வைத்துவிட்டார். டீச்சருக்கும் ஆள் போயிற்று. டீச்சர் வந்ததும் ஐயா ஒரு தாளை அவர் முன் நகர்த்தினார். "அம்மா, அன்னிக்குச் சொல்லு இல்லைன்னு நின்னுபோச்சு. இப்ப சொல்லும் இருக்கு, சாட்சியும் இருக்கு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. இவனை இன்னிக்கே உள்ள வச்சிடறேன். உங்க தெரு நிம்மதியா இருக்கும்."

சுடலைமுத்து எழுந்து நின்றார். "ஐயா, நான் ரெண்டு சொல்லோட நிம்மதியா இருந்தவன். என்னை உள்ள வச்சா கடையைத் திறக்க ஆளில்லை. பதினோரு சைக்கிளும் துருப்பிடிச்சுப் போகும்."

டீச்சர் பேனாவைக் கையில் எடுத்தார். தாளை முழுவதும் வாசித்தார். நான் ரைட்டர் மேஜையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் பொய் இல்லை பாருங்கள். சுடலைமுத்து அந்த வரிகளைத் தெருவறியச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டீச்சர் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

"இதை நீ சொன்னியா?" என்று சுடலைமுத்தைக் கேட்டார்.

"சொன்னேன் டீச்சர்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

சுடலைமுத்துக்கு என் பேரைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "காத்துவாக்குல காதுல விழுந்துச்சு" என்றார்.

தினமும் ஒரு மணி நேரம் வாய்க்குப் பூட்டே இல்லாமல் இருந்த மனிதர் அங்கே வாயைப் பூட்டிக்கொண்டார். டீச்சரும் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பேன்.

எழுந்தேன். "ஐயா, மூலம் கிடைச்சிருச்சு" என்றேன்.

"யாரு?"

"நான்தான் ஐயா."

நடந்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. ஐயா நாற்காலியிலிருந்து எழுந்தார். "அந்தச் சம்பந்தி உன் சரக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சுவரிலிருந்த தாலுகா வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் அதிகாரம் வந்திருந்தது. விறைப்பாக என் அறிக்கையைக் கிழித்தார். "இதைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனா வக்கீல் என்னையில்ல கூண்டுல ஏத்துவான். போலீஸ் செஞ்ச ஏச்சுக்குப் போலீஸே கேஸ் போட்டுச்சுன்னு பேப்பர்ல வரும்" என்றார்.

"கேஸ் எனக்கு வேண்டாம். அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் சத்தம் இல்லாம இருக்க வழி சொல்லுங்க" என்றார் டீச்சர்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. சுடலைமுத்து என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், யார் கேட்டது என்று பத்து நாளாகக் குடைந்திருந்தேன். ஏன் சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்கவில்லை. உங்கள் வேலையில் இதை மட்டும் மறக்காதீர்கள். நாம் எழுதுகிற தாளில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால்தான் கேட்க விட்டுப்போகிறது.

"அண்ணாச்சி, அது என்ன கணக்கு? ஏன் சரியா அஞ்சு மணிக்கு ஏசுதிய?"

"அஞ்சு மணிக்குத்தான எல்லா சைக்கிளும் வந்து சேரணும் ஏட்டையா? வராது. சாயங்கால ரயிலுக்குப் போறவன், கடைக்குச் சரக்கு எடுக்கப் போறவன் எல்லாம் சொல்லி வச்சிட்டு வந்து வாசல்ல நிப்பான். சைக்கிள் எங்கன்னு அவன் என்னை ஏசுவான். அவன் ஏசுதது டீச்சர் வீட்டுக்குக் கேக்காது, மெல்ல ஏசுவான். நான் அதை வாங்கி வச்சிருந்து, லேட்டா வாரவனுக்குக் குடுப்பேன். நானும் எங்கன கொண்டு போய்க் கொட்ட?"

எஸ்.ஐ. ஐயா தீர்ப்புச் சொன்னார். "ஏட்டு, நாளையிலிருந்து அஞ்சு மணிக்கு நீ யூனிபார்மோட அந்தக் கடையில உட்காரு. சைக்கிளை நீ வாங்கி வை. இவரு வாயைத் திறக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு ஐயா?"

"நாள் கணக்கு இல்ல. அம்மாவுக்குப் பத்தொன்பது பிள்ளைங்க திரும்பி வர்ற வரைக்கும்."

முதல் நாள் நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் நாலே முக்காலுக்கே பதினோரு சைக்கிளும் வந்துவிட்டன. ஒருவன் சைக்கிளைக் கழுவி, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தான். இன்னொருவன் பயத்தில் வேறு கடையில் எடுத்த சைக்கிளை இங்கே விட்டுவிட்டு ஓடிவிட்டான். வாசலில் காத்திருப்பவன் ஏசவில்லை. சுடலைமுத்தும் ஏசவில்லை. அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. காற்று நிறைந்த டயருக்கே மறுபடி காற்றடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தினமும் ஆறு மணிக்கு ஜன்னலில் ஒரு சிலேட்டை மாட்டுவார். அதில் அன்றைக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கும். எனக்கும் சுடலைமுத்துக்கும் அதுதான் மார்க்கு. நான்கு. ஏழு. பதினொன்று. ஒரு நாள் பன்னிரண்டிலிருந்து பத்தாக இறங்கியது. சுடலைமுத்து வருத்தத்தோடு, "இன்னைக்கு நாம சத்தமே போடலையே ஏட்டையா" என்றார். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சலாம். விசாரித்துவிட்டு வந்து வள்ளியம்மை சொன்ன பிறகுதான் அவர் டீ குடித்தார்.

மூன்றாவது வாரத்தில் என் யூனிபார்மின் பயம் தெளிந்துவிட்டது. தெளியத்தானே செய்யும்? தினமும் பார்க்கிற போலீஸ்காரனுக்கு யார் பயப்படுவார்கள்? சைக்கிள்கள் ஐந்து ஐந்துக்கு வந்தன, பிறகு ஐந்து பத்துக்கு வந்தன. காத்திருப்பவர்கள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெல்ல முணுமுணுத்தார்கள். "ஏட்டையா, ரயிலு போயிரும். சும்மாதான உக்காந்திருக்கிய?" என்றார் ஒருவர். "ஸ்டேஷன்லயும் இப்படித்தான் வேலை நடக்கா?" என்றார் இன்னொருவர். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று சிலேட்டில் பதினேழு. அதை டீச்சர் சீக்கிரமே மாட்டிவிட்டிருந்தார். மணி ஐந்தே முக்கால். ஒன்பதாம் நம்பர் சைக்கிள் வரவில்லை. ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடும் ஆள் ஒருவர், தபால் ஆபீஸ் வரைக்கும் அரை மணி நேரம் என்று மத்தியானம் எடுத்துப் போனது. அதற்குச் சொல்லி வைத்திருந்தவர் என் முன்னால் நின்று நாற்பது நிமிஷமாக என் உத்தியோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்பதாம் நம்பர் தெருமுனையில் வந்தது. ஓட்டிக்கொண்டு வரவில்லை, எடுத்துப் போனவரே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஜவுளிக்கடைக்காரர் சட்டையில் சந்தனம்.

"பனவடலிசத்திரத்துல பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க ஏட்டையா. வழியில ஒரு கல்லு. பொண்ணு பிடிச்சிருச்சு" என்று சிரித்தார்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தது ஞாபகம் இருக்கிறது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே தெரியாது. ஆரம்பம் மட்டும் தெரியும். எதிர்வீட்டில் பாடம் சொல்லும் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குள் கிரீஸ் படிந்த ஒரு கை பின்னாலிருந்து வந்து என் வாயை இறுக்கிப் பொத்தியது.

"ஏட்டையா, மெல்ல, மெல்ல. அங்கன பிள்ளைங்க படிக்குதுக" என்று சுடலைமுத்து என் காதில் கிசுகிசுத்தார். பொத்திய கையை எடுக்காமலே ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்து, "நீரு சைக்கிளை இங்கன வச்சிட்டுப் போவும். சக்கரத்தை நாளைக்குப் பேசிக்கிடலாம். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்" என்று சத்தமில்லாமல் சொன்னார். காத்திருந்தவருக்குத் தன் சொந்த சைக்கிளை எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். மீசை முழுக்கக் கிரீஸோடு நிற்கும் என்னையும் சுடலைமுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். பாடம் மறுபடி ஆரம்பித்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் போனபோது என் ஸ்டூலில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, விபூதி பூசி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மிச்சம் ரெண்டு பிள்ளையை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க ஏட்டையா" என்றார். "உங்க வாயை நம்பி உங்களை இங்கன உக்கார வைக்க முடியாது."